அகாடமியில் ஆறு மாதம், அப்புறம் ரோந்து வண்டி: அமெரிக்க நகரங்களில் ஒரு காவலர் எப்படி உருவாகிறார்?

அமெரிக்க நகரங்களில் ஆறே மாதப் பயிற்சியோடு ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்களாமே, அந்த ஆறு மாதத்தில் அப்படி என்னதான் கற்றுத்தருகிறார்கள், அது போதுமா என்பது கேள்வி. ஆறு மாதம் என்பது ஓரளவு சரி. ஆனால் அது பயிற்சியின் முதல் பகுதி மட்டுமே. அதற்குப் பிறகு சில மாதங்கள் ஒரு மூத்த காவலரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேலை பழக வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு புதியவர் எப்படிப்பட்ட காவலராக வரப்போகிறார் என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பகுதியில்தான் முடிவாகிறது. செய்திகளிலும் விவாதங்களிலும் பேசப்படுவது என்னவோ முதல் பகுதிதான். அதனால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. அமெரிக்காவில் ஒரே தேசியக் காவல் துறை கிடையாது. நகரம், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), மாநிலம் என்று சுமார் 18,000 தனித்தனி அமைப்புகள். ஒரு காவலருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை மாநிலம் நிர்ணயிக்கிறது. பல மாநிலங்களில் அதற்கென இருக்கும் ஆணையத்தைப் 'போஸ்ட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் அது 1959-ல் தொடங்கியது. மாநிலம் சொல்வது அடித்தளம் மட்டும். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ மாதிரிப் பெரிய நகரங்கள் சொந்தமாக அகாடமி வைத்துக்கொண்டு அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலேயே நடத்துகின்றன. சிறிய ஊர்கள் தங்கள் ஆட்களைப் பக்கத்து வட்டார அகாடமிக்கோ சமுதாயக் கல்லூரிக்கோ அனுப்புகின்றன. ஆகவே 'அமெரிக்கப் போலீஸ் பயிற்சி' என்று ஒரே வாக்கியத்தில் எதைச் சொன்னாலும் அதற்கு விதிவிலக்காக ஏதாவது ஓர் ஊர் இருக்கும்.

பயிற்சிக்கு முன்னால் தேர்வு. எழுத்துத் தேர்வு, உடல்திறன் சோதனை, பின்னணி விசாரணை, மருத்துவப் பரிசோதனை, மனநல மதிப்பீடு, பல துறைகளில் பொய் கண்டறியும் சோதனையும் உண்டு. பின்னணி விசாரணை என்றால் பழைய முதலாளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கடன் வரலாறு, சமூக ஊடகப் பதிவுகள் எல்லாவற்றையும் கிளறுவார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். இந்தக் கட்டத்தில் தவறான ஆளை உள்ளே விட்டால் பின்னால் எந்தப் பயிற்சியும் அதைச் சரிசெய்யாது. இதை இங்கே விரிக்கவில்லை, அது தனிக் கதை.

இனி அகாடமி. காவலருக்குப் பள்ளிக்கூடம் மாதிரி வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணமே அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் சரக்கு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆகஸ்ட் வோல்மர் 1908-ல் ஒரு காவலர் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முன்பு பல நகரங்களில் பேட்ஜும் தடியும் கொடுத்துத் தெருவுக்கு அனுப்புவதுதான் வழக்கம். வேலை கிடைப்பதும் பல இடங்களில் உள்ளூர் அரசியல்வாதியின் தயவில்தான்.

இன்றைய நிலவரத்துக்கு அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்திலுள்ள புள்ளியியல் பிரிவு அவ்வப்போது நடத்தும் கணக்கெடுப்பு உதவும். 2013-ல் அடிப்படைப் பயிற்சியின் சராசரி சுமார் 840 மணி நேரம், அதாவது 21 வாரம். 2018-லும் அதே அளவுதான், 833 மணி நேரம். 2013 கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் சுவாரஸ்யமான விஷயம் தெரியும். துப்பாக்கிக்குச் சராசரியாக 71 மணி நேரம். தற்காப்பு, பிடித்து அடக்குதல் போன்ற உடல் உத்திகளுக்கு 60. அறிக்கை எழுதுவதற்கு 25. மனநலப் பாதிப்பு உள்ளவர்களை எப்படிக் கையாள்வது என்பதற்கு 10. நேர்மை, நெறிமுறை என்ற தலைப்புக்கு 8.

இந்த எண்களைக் காட்டி, "பார்த்தீர்களா, சுடுவதற்கு 71, மனிதரைப் புரிந்துகொள்ள 10" என்று கோபப்படுவது எளிது. கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஏன் இப்படி ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். துப்பாக்கிப் பயிற்சியை அளக்கலாம். இத்தனை கஜத்தில் இத்தனை குண்டுகள், இத்தனை நொடியில், இலக்குத்தாளில் இத்தனை ஓட்டை. தேர்ச்சியா இல்லையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், கையெழுத்துப் போட்டு கோப்பில் வைத்துவிடலாம். கொந்தளித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பேசி உட்கார வைப்பதை அப்படி அளக்க முடியாது. சட்டக் காரணமும் உண்டு. 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில், காவலர்களுக்குப் பயிற்சி தருவதில் நகர நிர்வாகம் தெரிந்தே அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவரின் உரிமை மீறப்பட்டால், நகரமே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாகலாம் என்றது. அதன் பிறகு நகர வழக்கறிஞர்களின் கவலையெல்லாம், நாளை வழக்கு வந்தால் 'பயிற்சி கொடுத்தோம்' என்று காட்டக் கோப்பு இருக்கிறதா என்பதாக ஆகிவிட்டது. பாடத்திட்டத்தில் எது ஏறுகிறது, எது ஏறாமல் நிற்கிறது என்பதில் அந்தக் கவலைக்குப் பெரிய பங்கு உண்டு.

துப்பாக்கிப் பாடத்தில் சுடுவது ஒரு பாதிதான். மறுபாதி, எப்போது சுடக்கூடாது என்பது. 1985-ல் டென்னசி எதிர் கார்னர் வழக்கில் வந்த தீர்ப்பு, தப்பி ஓடுகிற ஒருவரை, அவரால் பிறர் உயிருக்குப் பெரும் ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இல்லாதபோது சுட்டுத் தடுக்கக்கூடாது என்றது. 1989-ல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் வந்த தீர்ப்பு, காவலர் பயன்படுத்திய பலத்தை, அந்த இடத்தில் நின்றிருந்த ஒரு நியாயமான காவலரின் கண் வழியாகத்தான் எடைபோட வேண்டும், பின்னாலிருந்து பார்த்துச் சொல்லக்கூடாது என்றது. இந்த இரண்டு பெயரும் தெரியாமல் எந்தப் பயிற்சிக் காவலரும் அகாடமியை விட்டு வெளியே வர முடியாது. இவை மனப்பாடமானால் மட்டும் போதாது என்பதால் நடிப்புப் பயிற்சி வைக்கிறார்கள். ஒரு பொய் வீடு, ஒரு பொய்த் தெரு. கணவன் மனைவி சண்டை, குடித்துவிட்டு வண்டியில் தூங்குபவர், கையில் கத்தியோடு அழும் இளைஞர் என்று யாராவது நடிப்பார்கள். பயிற்சிக் காவலரின் துப்பாக்கியில் சாயக் குண்டு இருக்கும். நடிகர் பாக்கெட்டிலிருந்து எடுப்பது சில சமயம் துப்பாக்கி, சில சமயம் செல்போன். முடிந்த பிறகு வீடியோவைப் போட்டு, "ஏன் அங்கே போய் நின்றீர்கள், உங்களுக்கும் அவருக்கும் நடுவே மேசை இருந்ததே, அதை ஏன் விட்டீர்கள்" என்று கேட்பார்கள். என் கணக்கில் அகாடமியின் மிக உருப்படியான நேரம் இதுதான். செலவும் ஆட்களும் அதிகம் வேண்டும் என்பதால் பல இடங்களில் இது குறைவாகவே நடக்கிறது.

அகாடமியின் மீதி நேரம் எப்படிப் போகிறது என்றால்: அரசியலமைப்புச் சட்டம், கைது, சோதனை விதிகள், 1966-லிருந்து எல்லோருக்கும் தெரிந்த மிராண்டா எச்சரிக்கை (பேசாமல் இருக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று கைதானவரிடம் சொல்வது), 1968 டெர்ரி தீர்ப்பின்படி தெருவில் ஒருவரை எப்போது நிறுத்தலாம், எப்போது மேலே தடவிப் பார்க்கலாம் என்பது, முதலுதவி, விபத்து விசாரணை, வேகமாக வண்டி ஓட்டுவது, வழுக்குத் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்துவது, கைவிலங்கு போடுவது. மிளகாய் ஸ்பிரே பாடம் ஒன்று உண்டு. பல அகாடமிகளில் அதைத் தங்கள் முகத்திலேயே அடித்துக்கொண்டு, கண் எரிய எரிய ஓரிரு வேலைகளை முடித்துக் காட்ட வேண்டும். பழைய மாணவர்கள் பெருமையாகச் சொல்லும் கதை எப்போதும் இதுவாகத்தான் இருக்கும். அறிக்கை எழுதுவதைப் பற்றி ஒருவரும் பெருமையாகப் பேசமாட்டார்கள். ஆனால் வேலைக்குப் போன பிறகு துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமல் வருடங்கள் ஓடலாம், அறிக்கை எழுதாமல் ஒரு ஷிஃப்ட் ஓடாது. வழக்கு நீதிமன்றத்தில் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான்.

அப்புறம் அந்தச் சத்தம். கவாத்து, காலணிப் பாலிஷ், பயிற்றுநர் முகத்துக்கு நேராக நின்று கத்துவது, ஒருவர் செய்த தவறுக்கு மொத்த வகுப்புக்கும் தண்டால். 2013 கணக்கெடுப்பின்படி பயிற்சிக் காவலர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இப்படி ராணுவ வாடையுள்ள, அழுத்தம் கொடுக்கும் முறைக்குச் சாய்ந்த அகாடமிகளில்தான் படித்தார்கள். இதற்குச் சொல்லப்படும் நியாயம், தெருவில் அழுத்தம் இருக்கும், அதனால் இங்கேயே பழகட்டும் என்பது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1970-களின் தொடக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் காவல் அமைப்பான ஷெரிஃப் துறையில் ஹோவர்ட் எர்ல் என்ற மூத்த அதிகாரி, இரண்டு முறையிலும் ஆட்களைப் பயிற்றுவித்துப் பிறகு வேலையில் ஒப்பிட்டுப் பார்த்தார். அழுத்தம் இல்லாமல், மரியாதையாக நடத்தப்பட்டுப் படித்தவர்கள்தான் களத்தில் மேலாக இருந்தார்கள். ஐம்பது வருடமாகியும் பல அகாடமிகளில் கத்தல் நிற்கவில்லை. நான் நினைப்பது, அழுத்தத்தில் யோசிக்கக் கற்றுக்கொடுப்பது வேறு, அவமானத்தைத் தாங்கக் கற்றுக்கொடுப்பது வேறு. நடிப்புப் பயிற்சியில் வருவது முதலாவது வகை அழுத்தம். காலணிக்கு வாங்கும் திட்டு இரண்டாவது வகை. ஆறு மாதம் மேலிருந்து கத்தலை மட்டும் வாங்கியவர், தெருவில் தனக்குக் கீழே இருப்பதாக நினைக்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சரி, அகாடமி முடிந்தது. பட்டமளிப்பு, குடும்பத்தோடு புகைப்படம், சட்டையில் பேட்ஜ். இனிமேல்தான் உண்மையான பயிற்சி.

களப் பயிற்சி என்று முறையாக ஒன்று உருவானதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 1970-ல் ஒரு புதிய காவலர் ரோந்து வண்டியைக் கவனக்குறைவாக ஓட்டி விபத்தை ஏற்படுத்தினார். எதிர் வண்டியில் இருந்த ஒருவர் இறந்துபோனார். அந்தக் காவலரை நீக்க நினைத்துக் கோப்பை எடுத்துப் பார்த்தால், இவர் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார் என்று காட்டும்படி உருப்படியாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ராபர்ட் ஆலன் என்ற அதிகாரி, புதியவர்களை அன்றாடம் மதிப்பிட்டு எழுதிவைக்கும் முறை வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். 1972-ல் அது முறைப்படி நடைமுறைக்கு வந்தது. அந்த 'சான் ஹோசே முறை'தான் நாடு முழுக்கப் பரவி, இன்றும் பெரும்பாலான நகரத் துறைகளில் ஏதோ ஒரு வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் இப்படி. புதியவரை ஒரு களப் பயிற்சி அதிகாரியிடம் ஒப்படைப்பார்கள். துறைக்குள் எல்லோரும் எஃப்.டி.ஓ. என்றுதான் சொல்வார்கள். சான் ஹோசேயின் பழைய வடிவத்தில் நான்கு நான்கு வாரமாக மூன்று பேரிடம் பயிற்சி, ஷிஃப்டும் பகுதியும் மாறும். ஒருவரின் விருப்புவெறுப்பு ஒரு புதியவரின் வாழ்க்கையை முடிவு செய்துவிடக்கூடாது என்பதற்காக இந்த மாற்றம். கடைசி இரண்டு வாரம் முதல் எஃப்.டி.ஓ.விடமே திரும்புவார். அப்போது அந்த எஃப்.டி.ஓ. சாதாரண உடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வாய் திறக்கமாட்டார். எல்லா அழைப்பையும் புதியவர்தான் சமாளிக்க வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் தலையிடுவார்.

ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் ஒரு தினசரி மதிப்பீட்டுத் தாள். வண்டி ஓட்டுவது, வயர்லெஸ்ஸில் பேசுவது, அறிக்கை எழுதுவது, தன் பாதுகாப்பு, சட்ட அறிவு, மக்களிடம் பழகும் விதம் என்று சுமார் முப்பது தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 4 என்றால் தனியாக விடலாம் என்ற அளவு. 1, 4, 7 ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்பதற்காக. அன்று செய்ததிலேயே நன்றாகச் செய்தது எது, மோசமாகச் செய்தது எது என்றும் எழுத வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லியும் ஒரே தவறு வந்தால் 'பயிற்சிக்கு இணங்கவில்லை' என்று ஒரு குறி விழும். அந்தக் குறி சேரச் சேர, கூடுதல் வாரங்கள் கொடுப்பார்கள், அதற்கும் மேல் போனால் வேலை போகும். தகுதிகாண் காலத்தில் இருப்பவரை நீக்குவது எளிது. அந்தக் காலம் முடிந்து தொழிற்சங்கப் பாதுகாப்பும் பணிப் பாதுகாப்பும் வந்துவிட்டால் நீக்குவது மகா சிரமம். அதனால்தான் அந்தத் தாள்கள் பொக்கிஷம் மாதிரி.

புதியவர்கள் எதில் தடுமாறுகிறார்கள் தெரியுமா? சண்டையில் என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அது இல்லை. ஒரே நேரத்தில் வண்டி ஓட்டி, வயர்லெஸ்ஸைக் கேட்டு, தெருவைப் பார்த்து, அடுத்து என்ன என்று யோசிப்பதில்தான். தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். எஃப்.டி.ஓ.க்களிடம் இதற்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே போகும்போது திடீரென்று, "எனக்குக் குண்டு பட்டுவிட்டது, உதவி கூப்பிடு, எங்கே இருக்கிறோம்?" என்பார்கள். முதல் சில வாரம் பலர் விழிப்பார்கள். தெருப்பெயரும் எந்தத் திசையில் போகிறோம் என்பதும் சொல்லத் தெரியாத காவலருக்கு உதவி வந்து சேராது. இதை எந்த வகுப்பறையிலும் கற்க முடியாது. இன்னொரு தடுமாற்றம் பேச்சு. இருபத்திரண்டு வயதில், இருபது வருடமாகக் குடும்பம் நடத்தும் தம்பதியின் சண்டைக்கு நடுவே போய் நின்று என்ன சொல்வது? சீருடை இருப்பதால் கேட்டுவிடுவார்கள் என்று நினைத்துக் குரலை உயர்த்துவது புதியவரின் முதல் எதிர்வினை. நல்ல எஃப்.டி.ஓ. அந்த இடத்தில் தானே பேசிக் காட்டுவார், திரும்பி வண்டியில் ஏறியதும் ஏன் அப்படிப் பேசினேன் என்று விளக்குவார்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். அமெரிக்கக் காவல் துறையில் பல தலைமுறையாகப் புழங்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது. முதல் நாள் வண்டியில் ஏறியதும் மூத்தவர் சொல்வது: "அகாடமியில் சொன்னதையெல்லாம் மறந்துவிடு, இங்கே எப்படி என்று நான் காட்டுகிறேன்." சில சமயம் அது நல்ல எண்ணத்தில் சொல்வது. புத்தகத்துக்கும் தெருவுக்கும் தூரம் இருக்கத்தான் செய்கிறது. சில சமயம் அதன் பொருள் வேறு. அதன் உச்சத்தை உலகமே பார்த்தது.

2020 மே 25, மினியாபொலிஸ். காவலர்கள் தரையில் அழுத்திப் பிடித்ததில் இறந்துபோன ஜார்ஜ் ஃபிளாய்டைப் பிடிக்க முதலில் வந்த அலெக்சாண்டர் குயெங், தாமஸ் லேன் இருவரும் புதியவர்கள். களப் பயிற்சி முடிந்து தனியாகப் பணியில் இறங்கிச் சில ஷிஃப்டுகளே ஆகியிருந்தன. ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்திருந்த டெரெக் ஷோவின் 19 ஆண்டு அனுபவமுள்ளவர், எஃப்.டி.ஓ.வாகவும் இருந்தவர். குயெங்குக்குப் பயிற்சி கொடுத்ததே அவர்தான். கைவிலங்கு போட்டவரைக் குப்புறக் கிடத்தி வைத்தால் மூச்சு நின்றுபோகலாம், உடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்பது புதிய விஷயம் இல்லை. அமெரிக்க நீதி அமைச்சகம் 1995-லேயே இதை எச்சரித்திருந்தது, அகாடமிகளில் சொல்லிக்கொடுக்கப்படுவது. லேன் அன்று அதைச் சொல்லவும் செய்தார். பக்கவாட்டில் திருப்பலாமா என்று ஒரு தடவைக்கு மேல் கேட்டார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார் ஷோவின். லேன் அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. சக காவலர் அளவுக்கு மீறினால் தடுக்க வேண்டும் என்று அந்தத் துறையின் விதிகளில் ஏற்கெனவே இருந்தது. குயெங், லேன் இருவரும் பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்திலும் மாநில நீதிமன்றத்திலும் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார்கள்.

இந்தச் சம்பவத்தைப் 'பயிற்சி போதவில்லை' என்று சொல்லி முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாடம் நடத்தப்பட்டிருந்தது, மாணவருக்கு நினைவிலும் இருந்தது, சரியான நேரத்தில் வாயிலும் வந்தது. மூத்தவரின் ஒரு மறுப்பில் அது கரைந்துபோனது. சில மாதங்களாக ஒருவரின் மதிப்பெண்ணில் உங்கள் வேலை தொங்கிக்கொண்டிருந்தால், அவர் சொல்வதை எதிர்த்துப் பேசாமல் இருக்கத்தான் உங்கள் உடம்பு பழகியிருக்கும். அகாடமியில் இன்னும் இருநூறு மணி நேரத்தைக் கூட்டினாலும் இது மாறாது. (இதை வைத்து அந்த இருவருக்கும் பரிதாபப்படச் சொல்லவில்லை. ஒன்பது நிமிடத்துக்கு மேல் அங்கே இருந்தார்கள்.)

ஆக, மாற்ற வேண்டிய இடம் எஃப்.டி.ஓ. முறை. அதில் இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் 1990-களின் முடிவில், கூட்டாட்சி அரசின் நிதியுதவியோடு உருவான மாற்று முறை. சான் ஹோசே முறையின் குறை, அது தேர்வு வைத்துக்கொண்டே இருக்கிறது, கற்பிப்பதற்கு இடம் குறைவு என்பது. தினமும் மதிப்பெண் விழும் இடத்தில் யாரும் "எனக்குத் தெரியவில்லை" என்று வாய் திறக்கமாட்டார்கள். ரீனோ முறையில் தினசரி மதிப்பெண் கிடையாது. 15 வாரம். அவசரமில்லாத அழைப்புகள், அவசர அழைப்புகள், ரோந்து, குற்ற விசாரணை என்று நான்கு கட்டம், ஒவ்வொன்றும் மூன்று வாரம். தொடக்கத்தில் ஒரு வாரம் அறிமுகம், நடுவில் ஒரு வாரமும் கடைசியில் ஒரு வாரமும் மதிப்பீடு. மதிப்பிடுபவர் வேறு ஆள், கற்றுக்கொடுத்தவர் இல்லை. இந்த ஒரு பிரிவினைதான் அந்த முறையின் மிகப் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். புதியவருக்கு ஒரு நிஜப் பிரச்சினையைக் கொடுப்பார்கள். உதாரணமாக, ஒரே வீட்டிலிருந்து அடிக்கடி அழைப்பு வருகிறது, இதை எப்படி நிறுத்துவாய்? அவர் ரோந்துக்கு நடுவே அந்தத் தெருவில் விசாரித்து, மற்றத் துறைகளிடம் பேசி, ஒரு தீர்வை முன்வைக்க வேண்டும். தன் பகுதியைப் பற்றி ஒரு தொகுப்பும் தயாரிக்க வேண்டும்: யார் வாழ்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று. இதைக் கேலி செய்யும் பழைய ஆட்கள் உண்டு. "ஸ்கூல் புராஜெக்ட்" என்பார்கள். இதற்கும் நிஜமான குறை ஒன்று இருக்கிறது: தேறாத ஒருவரை நீக்க வேண்டி வந்தால், சான் ஹோசே தாள்கள் மாதிரி அன்றாட ஆதாரம் கையில் இருக்காது. அதனால் சில துறைகள் இரண்டையும் கலந்து நடத்துகின்றன.

இரண்டாவது, சக காவலரைத் தடுக்கும் பயிற்சி. நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை 2016-ல் 'எபிக்' என்ற பெயரில் தொடங்கியது. 2020-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி அதை விரித்து 'ஏபிள்' என்ற பெயரில் மற்ற நகரங்களுக்குக் கொண்டுபோனது. இதில் 'தடுப்பது உன் கடமை' என்று உபதேசம் செய்வதோடு நிற்பதில்லை. வார்த்தைகளைப் பழக்குகிறார்கள். ஒரு புதியவர் ஒரு மூத்தவரிடம் என்ன சொல்லி விலகச் செய்யலாம், முதல் தடவை கேட்காவிட்டால் இரண்டாவது என்ன சொல்வது, அதற்கும் கேட்காவிட்டால் கையை எங்கே வைத்து இழுப்பது என்று நடித்துப் பழகுகிறார்கள். லேன் நின்றுபோனது முதல் படியில். இரண்டாவது, மூன்றாவது படி என்ன என்பதைப் பழகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாராலும் சொல்ல முடியாதது. ஆனால் குறி வைப்பது சரியான இடத்துக்குத்தான். மூத்தவர்களையும் அதே வகுப்பில் உட்கார வைக்காவிட்டால் மட்டும் இதில் அர்த்தமில்லை.

பதற்றம் தணிக்கும் பயிற்சியால் பலன் உண்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். காவல் துறைத் தலைவர்களின் ஆய்வு அமைப்பான பெர்ஃப் உருவாக்கிய 'ஐகேட்' பயிற்சியைக் கென்டக்கியின் லூயிவில் நகரில் பணியிலிருந்த காவலர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி பலப்பிரயோகச் சம்பவங்கள் 28% குறைந்தன. பொதுமக்கள் காயமடைவது 26%, காவலர்கள் காயமடைவது 36% குறைந்தன. கடைசி எண்ணைக் கவனியுங்கள். மென்மையாகப் பேசச் சொல்லி எங்களைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று சொல்லும் காவலர்களுக்கு அதுதான் பதில். ஒரு நகரத்து ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, அங்கே மேற்பார்வையாளர்களையும் இதில் ஈடுபடுத்தினார்கள்.

ஐரோப்பாவோடு ஒப்பிடுவது வழக்கம் என்பதால் சுருக்கமாக: ஜெர்மனியில் பயிற்சி இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள், நார்வேயிலும் ஃபின்லாந்திலும் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு. அந்த ஆண்டுகளில் களத்தில் கழிக்கும் காலமும் வகுப்பும் பின்னிப் பின்னி வரும். தெருவில் பார்த்ததைத் திரும்ப வகுப்பில் வைத்துப் பேசலாம். அமெரிக்க முறையில் வகுப்பு முதலில், தெரு பிறகு, நடுவில் கதவு சாத்திவிடும். மொத்த ஆண்டுகளைவிட இந்த முன்னும் பின்னும் போய்வரும் ஏற்பாடுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. இதைச் செய்யப் பெரிய பணம்கூட வேண்டாம். களப் பயிற்சியின் நடுவில் ஒரு வாரம் அகாடமிக்குத் திரும்பக் கூப்பிட்டு, 'என்ன பார்த்தீர்கள், நாங்கள் சொன்னதற்கும் அதற்கும் எங்கே முரண்' என்று கேட்டாலே போதும்.

கடைசியாக, எஃப்.டி.ஓ.வாக யார் வருகிறார்கள் என்பது. வேலை கடினம், எழுத்து வேலை இரட்டிப்பு, கூடுதல் சம்பளம் பொதுவாகக் கொஞ்சம்தான். நல்ல அனுபவசாலிகள் துப்பறியும் பிரிவுக்கோ பதவி உயர்வுக்கோ போய்விடுகிறார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் துறைகளில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவரே புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் நிலை. அவருக்கே இன்னும் பார்க்காத அழைப்புகள் நிறைய இருக்கும். ஷோவின் மீது முன்பே பல புகார்கள் வந்திருந்தன, இருந்தும் எஃப்.டி.ஓ.வாக இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். எனவே ஏதாவது ஒரு நகரத் துறையின் பயிற்சி நல்லதா என்று எடைபோட வேண்டுமானால், அகாடமி மணி நேரத்தைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பவை இவை: எஃப்.டி.ஓ.வைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் மீதுள்ள புகார்க் கோப்பைப் பார்க்கிறார்களா, புகார் வந்தால் அந்தப் பொறுப்பிலிருந்து எடுக்கிறார்களா? களப் பயிற்சியில் தேறாமல் கடந்த சில வருடங்களில் யாராவது வெளியே போயிருக்கிறார்களா, அல்லது எல்லோருமே தேறிவிடுகிறார்களா? புதியவர்கள் தங்கள் எஃப்.டி.ஓ.வைப் பற்றி, பெயர் தெரியாமல், பயமில்லாமல் எழுதிக்கொடுக்க வழி இருக்கிறதா, அதை யார் படிக்கிறார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லும் துறை என்றால், அங்கே வேலைக்குச் சேர நினைக்கும் யாருக்கும் நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன்.